வீட்டிலிருந்து பக்கவாசல் வரை

திருவனந்தபுரம்,
1937 பிப்ரவரி 21

அன்புள்ள அத்தானுக்கு,

ராகேல் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கால்கள் போன வருஷம் எப்படியோ அப்படியே. காய்ச்சல் தான் கொண்டுபோனதைத் திருப்பிக் கொடுப்பதில்லை போலிருக்கிறது. இப்போது எழுதுவது கால்களைப் பற்றி அல்ல, சக்கரங்களைப் பற்றி.

சீமைக்குத் திரும்பிப்போன மிசியம்மாள் எனக்கு விட்டுப்போன சக்கர நாற்காலி வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் பெரிய சக்கரம், ரப்பர் பட்டை போட்டது. கையாலேயே தள்ளிக்கொண்டு போகலாம். வீட்டுக்குள் இப்போது நான் ராணி. அடுக்களையிலிருந்து முன்னறைக்கு யாரையும் கூப்பிடாமல் வருகிறேன். துணைக்கு இருக்கிற தாசம்மாளுக்குத்தான் மனக்குறை. "நீங்க இப்பிடி ஓடிச் சாடி நடந்தா, பின்ன நான் எதுக்காக்கும் இங்க?" என்கிறாள்.

நேற்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் வந்திருந்தார்கள். என் தமிழ் வகுப்பு இன்னும் ஆளில்லாமல்தான் கிடக்கிறதாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் வரலாம். ஆனால் ஒரு நிபந்தனை. ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் தினமும் டீச்சரைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவது நடக்காது. நானாக வரவேண்டும்.

அப்பா விட்டுப்போன இந்த வீட்டுக்கு அந்த மட்டில் அதிர்ஷ்டம் உண்டு. நம் முற்றத்து வேலியை ஒட்டித்தான் பள்ளிக்கூடத்தின் பக்கவாசல். அதைத் தாண்டிவிட்டால் கருங்கல் பாவிய வராந்தா, எனக்குக் கவலையில்லை. நடுவில் இருக்கும் முற்றத்துச் சரிவுதான் சத்துரு. பலாமரத்து வேர், மழை அரித்த குழி, மாட்டுக் குளம்படி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த நடைவழியை ஒன்று நன்றாக நிரப்பாக்கித் தந்தால் போதும். எஸ்டேட்டுக்கு வண்டி, ஆள் எல்லாம் ஏற்பாடு செய்கிறவர் நீங்கள், சொன்னால் நடக்கும்.

பொன்முடிக்கு வா என்று நீங்கள் கூப்பிடுவது நினைவில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு ஏறுவதற்குக் கல்படி என்று நீங்களே சொன்னீர்கள். அங்கே வந்தால் ஜன்னலோரத்தில் வைத்த பூந்தொட்டியாகத்தான் இருப்பேன். எனக்கு வகுப்பு வேண்டும் அத்தான். அது இல்லாமல் இருந்து பார்த்துவிட்டேன், முடியவில்லை.

உங்கள்,
ராகேல்

*

பொன்முடி,
1937 மார்ச் 3

பிரியமுள்ள ராகேலுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்தே படித்தேன். துரை எட்டிப் பார்த்து, நல்ல செய்தியா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல செய்திதானா என்று எனக்கே நிச்சயமில்லை.

நீ வீட்டுக்குள் ராணியாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம். முற்றத்தில் இறங்குவது வேறு விஷயம். சரிவு, மழை, மாடு, தெருவில் போகிற வருகிறவர்கள் கண். "சத்தியதாஸ் பெண்சாதி சக்கரத்தில் போகிறாள் பார்" என்று நாலு பேர் நின்று பார்ப்பதை நீ பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இங்கே மூடுபனியைத் தவிரப் பார்க்க ஆள் கிடையாது. கல்படிகள் உண்டுதான். தூக்கிக்கொண்டு ஏற நான் இருக்கிறேன் அல்லவா?

ஆனாலும் நீ ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டாய். கேட்டபடியே செய்திருக்கிறேன். நெடுமங்காட்டு வண்டிக்காரரிடம் சொல்லி, கரமனை ஆற்று மணல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சும்மா மணல் இல்லை, சலித்தது. நடைவழி முழுக்க, ஒரு குழிகூட மிச்சமில்லாமல் கணுக்கால் உயரத்துக்கு நிரப்பிவிடச் சொன்னேன். விழுந்தாலும் மெத்தைமேல் விழுந்த மாதிரி இருக்கும். சந்தோஷம்தானே?

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. சமையல்காரன் வைக்கும் குழம்பு, குழம்பு என்று பெயர் சொன்னால்தான் தெரிகிறது.

அன்புடன்,
சத்தியதாஸ்

*

திருவனந்தபுரம்,
1937 மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு,

மணல் வந்தது. சர்க்கரை தோற்றுப்போகும், அவ்வளவு வெள்ளை. தாசம்மாள் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல நல்லா கப்பலண்டி வறுக்கலாம், கேட்டியளா" என்றாள். கடலை வறுப்பதற்குத் தவிர வேறெதற்கும் உதவாது என்பது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எனக்கு இறங்கின பிறகுதான் தெரிந்தது.

முன்சக்கரம் முங்கிவிட்டது. தள்ளினால் பெரிய சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டுகிறது. பின்னாலும் வரவில்லை. சாலைக் கடைக்குப் போன தாசம்மாள் திரும்பி வரும்வரை வெயிலில் கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அப்பால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூப்பிடு தூரம்தான். கூப்பிட வாய் வரவில்லை.

நான் கேட்டது நிரப்பு. மேடு பள்ளம் இல்லாமல் ஒரே மட்டமாக இருப்பதற்கு இந்த ஊரில் மலையாளத்துக்காரர் வாயிலும் நம் வாயிலும் அதுதான் சொல். நீங்கள் அதை உங்கள் பாளையங்கோட்டைத் தமிழில் படித்து, வண்டி வைத்து நிரப்பிவிட்டீர்கள். தமிழ் டீச்சர் இப்படியா எழுதுவது என்று நீங்கள் கேலி செய்யலாம். நானும் ஒன்று கேட்கிறேன். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி, இந்த ஊரில் இத்தனை காலம் குடியிருந்தவருக்கு இந்தச் சொல் தெரியாதா? தெரிந்தும் தெரியாமல் படித்தீர்களா?

கல்லானாலும் கணவன் என்று சொல்லி வளர்த்தார்கள். மணலானால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, இனி விளக்கமாகவே எழுதிவிடுகிறேன். சரல் போடலாம் என்று அடுத்த வீட்டார் சொன்னார்கள். அந்தச் செம்பொடிக்கல் மணலுக்கு அண்ணன். சக்கரத்துக்கு அடியில் உருண்டு ஓடும். செங்கல் அடுக்கினால் ஒவ்வொரு மூட்டிலும் முதுகெலும்பு கணக்குச் சொல்லும். மண்ணை அடித்து இறுக்கினால் முதல் மழைவரைக்கும்தான். எனக்கு வேண்டியது சிமிட்டி. கெட்டியாக, மட்டமாக இருக்கவேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்வு கூடாது. சாய்ந்த பக்கமே நாற்காலி இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் தேங்கவும் கூடாது. இதில் பாளையங்கோட்டைக்குப் புரியாத சொல் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

ராகேல்

*

பொன்முடி,
1937 ஏப்ரல் 6

பிரியமுள்ள ராகேலுக்கு,

ஈஸ்டருக்கு வந்தபோது பேச நினைத்தது ஒன்று, பேசியது ஒன்று. சபை முழுக்கக் காது இருக்கும்போது கோயில் வாசலில் நின்று நாம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீ திரும்பத் திரும்ப அதையே கேட்டாய். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

நிரப்பு எனக்குத் தெரியும். நீ சொல்லிக் காதால் கேட்டிருந்தால் உடனே புரிந்திருக்கும். தாளில் தமிழெழுத்தில் பார்த்ததும் என் அம்மா தமிழ்தான் முன்னால் வந்தது. குழி என்றும் எழுதியிருந்தாய். குழி என்றால் நிரப்பத்தானே வேண்டும்? அதற்குமேல் யோசிக்கவில்லை. இதில் சூது ஒன்றும் இல்லை ராகேல். நம்பு, நம்பாதே.

மணலை அள்ளியாயிற்று அல்லவா? கொத்தனார் குற்றாலலிங்கம் அடுத்த வாரம் வருவார். நம் துரை பங்களாவின் ஹாலுக்குத் தரை போட்டவர் அவர்தான். அதைவிடக் குறைவாக என் வீட்டு முற்றத்தில் இருக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறேன். ஊரார் பார்க்கத்தான் போகிறார்கள் என்றால் நல்லதாகவே பார்த்துவிட்டுப் போகட்டும்.

வேலை முடியும்வரை முற்றத்தில் இறங்காதே.

சத்தியதாஸ்

*

திருவனந்தபுரம்,
1937 மே 9

அன்புள்ள அத்தானுக்கு,

நடைவழி முடிந்துவிட்டது. சாம்பல் நிறத்தில், வீட்டுப் படியிலிருந்து பக்கவாசல் வரை மேடு பள்ளமில்லாமல் இறங்கிப் போகிறது. தெருக்கதவுக்கும் ஒரு கிளை விட்டிருக்கிறார் கொத்தனார். படியையே சரிவாக்கிவிட்டார். ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், நாற்காலி தானாகப் போகிறது. முதல்நாள் பக்கவாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, யாரும் பார்க்காதபோது அழுதேன். இதை நீங்கள் செய்து கொடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. சிமிட்டி போட்டு முடித்தபிறகு குற்றாலலிங்கம் சிமிட்டிப்பால் தடவி, கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருந்தார். போதும் கொத்தனாரே என்றேன். "ஸார் சொல்லியிருக்காவ, குனிஞ்சா மொகம் தெரியணும்னு. ஒங்களுக்குத் தெரியாது, நீங்க உள்ள போங்க" என்றார். சாயங்காலம் பார்த்தால் உண்மையாகவே பலாமரம் தலைகீழாகத் தெரிகிறது. தாசம்மாள் கால் கழுவிவிட்டு அதில் ஏறினாள். தடுமாறி என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அழகு மட்டும் உண்டு, மழைக்கு இது ஆகாது" என்கிறாள்.

கொத்தனாரை இன்னொரு முறை அனுப்பி மினுக்கை மட்டும் எடுக்கச் சொல்ல முடியுமா? வான்மேகம் கூட ஆரம்பித்துவிட்டது.

உங்கள்,
ராகேல்

*

திருவனந்தபுரம்,
1937 மே 21

அத்தானுக்கு,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம். நேற்று மழை விட்டதும் இறங்கினேன். நாற்காலி என் பேச்சைக் கேட்கவில்லை. சக்கரத்தை இறுக்கிப் பிடித்தேன்; பிடித்தபடியே வழுக்கிக்கொண்டு போய் வேலிக்கல்லில் மோதினேன். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னார். நெற்றியில் ஒரு தையல்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். எனக்குச் சறுக்க அடி ஏது? சக்கரம்தான் சறுக்கியது.

போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. கொத்தனாரும் வரவில்லை.

ராகேல்

*

பொன்முடி,
1937 மே 26

ராகேல்,

நெற்றியில் தையல் என்பதைப் படித்ததும் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். மண்சரிவில் ரோடு அடைந்து கிடக்கிறது; பஸ் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன்.

நல்லதாக இருக்கட்டும் என்றுதான் மினுக்கச் சொன்னேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. மணலும் பார்த்தாயிற்று, சிமிட்டியும் பார்த்தாயிற்று. போதும். இனி ஒரு பரீட்சை வேண்டாம். அடுத்த தடவை தலை உடையும்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளுக்கு நேற்றே எழுதி, நடந்து மலையிறங்கிய எஸ்டேட் ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். உடல்நிலை காரணமாக நீ உன் விருப்பத்தின்படியே விலகிக்கொள்வதாகவும், பொன்முடிக்கு வரப்போவதாகவும் எழுதினேன். உன்னைக் கேட்டு எழுதினால் நீ சம்மதிக்க மாட்டாய். அதனால் கேட்கவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ரோடு திறந்ததும் கார் ஏற்பாடு செய்துகொண்டு வருகிறேன். தாசம்மாளும் கூட வரட்டும்.

இங்கே உனக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வேன்.

சத்தியதாஸ்

*

திருவனந்தபுரம்,
1937 ஜூன் 8

தங்கள் சமுகத்துக்கு,

தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கார் அனுப்பவேண்டாம்.

நடந்ததைத் தாங்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஒருநாள், "அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல்லு கொத்தணுமா" என்று தெருவில் ஒருத்தி கூவிக்கொண்டு போனாள். நம் அம்மி வழவழவென்று தேய்ந்துபோய் மிளகாய் அரைபடாமல் ஓடுகிறது என்று தாசம்மாள் புலம்பிக்கொண்டிருந்த சமயம். உள்ளே கூப்பிட்டோம். அவள் உளியை வைத்துத் தட்டத் தட்ட, நான் அம்மியைப் பார்த்தேன், முற்றத்தைப் பார்த்தேன். வழுக்கிப்போன அம்மிக்கு என்ன வைத்தியமோ அதுதானே வழுக்குகிற தரைக்கும்?

சொன்னதும் அவள் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அம்மி கொத்தியிருக்கேன், திருவை கொத்தியிருக்கேன். நடைவழியைக் கொத்தச் சொன்ன ஆள இண்ணைக்குத்தான் காணுதேன். சட்னி அரைக்கவா போறீங்க?" என்றாள். என்னை அரைக்காமல் இருந்தால் போதும் என்றேன். ஆழமாகக் கொத்தினால் சக்கரம் குதிக்கும் என்பதால், அம்மிக்குக் கொத்துகிற ஆழமே போதும், குறுக்கு வரிசையாகப் போ என்று நாற்காலியில் பக்கத்திலேயே இருந்து சொன்னேன். அவளும் அவள் தங்கையுமாகச் சில நாள் வந்து, படியிலிருந்து பக்கவாசல் வரையும் தெருக்கதவு வரையும் முடித்தார்கள். முகம் தெரிந்த தரையில் இப்போது அம்மை வடு. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, தாசம்மாளைப் பின்னால் பிடிக்கச் சொல்லி இறங்கினேன். பிறகு பிடிக்கவேண்டாம் என்று சொல்லி இறங்கினேன். சக்கரம் கவ்விக்கொண்டு நின்றது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று கொட்டுகிற மழை. தங்கள் கடிதத்தையும் அன்று காலையில்தான் தபாற்காரர் கொடுத்தார். ரோடு அடைத்ததால் தாமதமாம். படித்தேன். படித்துவிட்டும் போனேன். மடியில் குடை, கையில் சக்கரம். குடையை விரிக்கவில்லை. நனைந்துகொண்டே வராந்தாவில் ஏறினேன். பிள்ளைகள் எழுந்து ஓடி வந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று.

"டீச்சரே, உங்க ஹஸ்பண்டு எழுத்து அயச்சிருந்தாரே, நீங்க பொன்முடிக்குப் போறதா. நான் வேற ஒரு குட்டிக்கு வாக்குக் கொடுத்தாச்சே" என்றார்கள். என் இடத்துக்கு வேறொரு பெண்ணைப் பேசியாகிவிட்டதாம்.

நான் வந்து நிற்கிறேனே அம்மா என்றேன். வந்ததைப் பார்த்துத்தான் சங்கடப்படுகிறேன் என்றார்கள். பள்ளிக்கூடக் கமிட்டி பதினெட்டாம் தேதி கூடுகிறது. கணவர் எழுதியதைக் கணவரே மாற்றி எழுதாமல் கமிட்டி ஒன்றும் கேட்காது. நான் என் வாயால் சொன்னதற்கு அங்கே மதிப்பில்லை. என் பெயரில் தாங்கள் எழுதியதற்கு மதிப்பிருக்கிறது.

திரும்பியும் நானாகவே வந்தேன். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம்; கை வீக்கம் இன்னும் முழுதாக வடியவில்லை. ஏறினேன்.

மணலுக்குக் கோபித்தேன், மினுக்குக்குக் கோபித்தேன். அவையெல்லாம் கோபமே இல்லை என்று இப்போது தெரிகிறது. "உன் விருப்பத்தின்படி" என்று எழுதினீர்களே, அது எப்படி எழுத வந்தது தங்களுக்கு?

எழுதிக் கொடுப்பதும் கொடுக்காததும் தங்கள் சித்தம்.

ராகேல் சத்தியதாஸ்

*

பொன்முடி,
1937 ஜூன் 12

ராகேலுக்கு,

"தாங்கள்" என்று எழுதியிருக்கிறாய். கல்யாணமான புதிதில்கூட நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. செருப்பால் அடித்திருந்தால் இதைவிடக் குறைவாகவே வலித்திருக்கும்.

உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். மழை, சரிவு, ஊரார் கண் என்று நான் எழுதியதெல்லாம் பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. நீ நாற்காலியில் பக்கவாசலைத் தொட்டதாக எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு, பதில் எழுதாமலே நாளைக் கடத்தினேன். நீ வகுப்புக்குப் போய்விட்டால் இனி ஒருநாளும் இங்கே வரமாட்டாய். அது எனக்குத் தாங்கவில்லை. நீ விழுந்தாய் என்று தெரிந்ததும் நடுங்கினேன், ராகேல், சத்தியமாக நடுங்கினேன். கூடவே, இனி வந்துவிடுவாள் என்று ஒரு நினைப்பும் வந்தது. அந்த நினைப்போடுதான் ஹெட்மிஸ்ட்ரஸுக்கு எழுதினேன்.

இத்துடன் அவர்களுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நேரே அவர்களுக்குத் தபாலில் போட மனம் வரவில்லை. நீ படித்துப் பார். சரியென்றால் நீயே கொண்டுபோய்க் கொடு. சரியில்லையென்றால் கிழித்துப்போடு.

ரோடு திறந்துவிட்டது. சனிக்கிழமை பஸ்ஸில் வரலாமா என்று கேட்கிறேன். வராதே என்றால் வரவில்லை.

சத்தியதாஸ்

*

திருவனந்தபுரம்,
1937 ஜூன் 17

அத்தானுக்கு,

கடிதத்தைப் படித்தேன். "என் மனைவி பணிக்குத் திரும்ப அனுமதி அளிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "அனுமதி"யைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கிழிக்கத்தான் கை போயிற்று. கிழித்தால் இன்னொன்று வருவதற்குள் கமிட்டி முடிந்துவிடும். வாக்கு வாங்கிய அந்தக் குட்டி பாவம், அவளை நினைத்தாலும் மனசு சரியில்லை. கீழ்வகுப்பில் இடம் பார்த்துத் தருவதாக ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் சொன்னார்கள். நடக்குமா என்று தெரியாது.

இன்று காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். கமிட்டி தடை சொல்லாது என்றார்கள். திங்கட்கிழமை முதல் வகுப்பு.

உங்களை மன்னித்துவிட்டதாக நினைக்கவேண்டாம். அதற்கு எனக்கு நாள் பிடிக்கும். தனியாக இருப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. அதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் நாம் மணலைப் பற்றியும் சிமிட்டியைப் பற்றியும் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம். பொன்முடிக்கு நான் வரமாட்டேன். நீங்கள் மலையிறங்கி இங்கே ஒரு வேலை பார்ப்பதைப் பற்றி நேரில் பேசலாம். சண்டையாகவே முடியலாம், ஆனாலும் பேசலாம்.

சனிக்கிழமை வாருங்கள். வந்ததும் நேரே உள்ளே வந்துவிடவேண்டாம். என்னைத் தள்ளவோ தூக்கவோ கை நீட்டவும் வேண்டாம். தெருக்கதவுக்கு வெளியே நில்லுங்கள். நான் வந்து திறந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ராகேல்